வலி எண்ணெயில் மஞ்சள்

எனக்கு வலி இருந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே, கையை வளைத்துப் போட்டால் நடுவிரல் நுனி மட்டும் எட்டுகிற ஓர் இடம். அங்கே சதைக்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. அதை அழுத்தினால் வலி அங்கே நிற்காது. கழுத்துக்கு ஏறும், அப்புறம் கை வழியாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் போகும். இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். இவள் நிஜம் சொல்கிறாளா என்று பார்க்கிற பார்வை அது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்ப்பேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். சின்ன வயதில் கடைக்காரன் தராசைத் தூக்கினால், தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேனாம். கல்யாணமான இரண்டாம் வருஷம் என் புருஷன் விஷக் காய்ச்சலில் போனபோது எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு யாரையும் எதற்கும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் என்னை மயிலாப்பூருக்கு அழைத்து வந்து, படிக்க வைத்து, டீச்சர் டிரெயினிங்குக்கும் அனுப்பினார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்றதில் சொல்வேன், பின்னால் வரும்.

நான் சொல்வது முப்பதுகளின் நடுவில். குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் வாடகை வீடு. வீட்டில் மூன்றே பேர்: கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன், அண்ணி, நான். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. நான் பக்கத்துத் தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அந்த வகுப்பில் கரும்பலகையைச் சுவரிலேயே பூசி வைத்திருந்தார்கள். எந்தப் பனைமரத்துக்காக அவ்வளவு உயரத்தில் பூசினார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். முதல் வரி எழுதவே கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஆறு வருஷம் தூக்கினேன். ஏழாவது வருஷம் கை தூக்க மாட்டேன் என்றது.

கை தூக்க முடியாவிட்டால் வேலை இல்லை. சம்பளம் வாங்குகிறவரை அந்த வீட்டில் நான் டீச்சர். அது நின்ற மறுநாள் நான் அண்ணன் வீட்டில் இருக்கிற விதவை நாத்தனார், அவ்வளவுதான். அப்புறம் எனக்கு அடுப்பங்கரையும் அம்மியும்தான் மிச்சம். இந்த ஒரு பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே புதிதாகப் பலகை மாட்டியிருந்த ஒரு டாக்டரிடம் போனேன். தோளைத் தட்டினார், முழங்கையை மடக்கினார், ஒன்றும் இல்லை என்றார். "நரம்புப் பலவீனம். உங்களுக்குக் குழந்தை குட்டி இருந்தா மனசு இதுல போகாது" என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அந்த டானிக்கைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றினேன். முருங்கையும் தேறவில்லை. அடுத்து ஒரு நாட்டு வைத்தியர். எல்லாம் வாயு என்றார், உருளைக்கிழங்கைத் தொடாதே என்றார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தே ஆறு மாதம் ஆகியிருந்தது. அதோடு வெளி வைத்தியத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அண்ணனிடம் சொன்னதற்குக் கிடைத்த பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நான் தினம் ஏழு மணி நேரம் குனிஞ்சு எழுதறேன். எனக்கு எங்கயாவது வலிக்குதா? வலின்னு நெனச்சா வலி. எழுந்து நில்லு, போயிடும்." தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து நின்றேன். போகவில்லை.

ஆகவே என் உடம்புக்கு நானே வைத்தியச்சி ஆனேன். காலையில் கல்லுப்பை இரும்புச் சட்டியில் படபடவென்று பொரிகிறவரை வறுத்து, பழைய வேட்டித் துண்டில் முடிந்து ஒத்தடம். மாலையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொள்வேன். இலையைப் பள்ளிக்கூட ஆயா வியாழக்கிழமைதோறும் அடையாற்றங்கரையிலிருந்து பறித்து வருவாள். அவள் சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரி, புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். தலையணையை விட்டெறிந்துவிட்டுப் புடவையைச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் வைத்துப் படுத்தேன். இதில் எது உதவியது, எது உதவியதாக நான் நம்பிக்கொண்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிச்சயமாக உதவியது ஒரு ரப்பர் பந்து. வகுப்பில் பாடம் நடக்கும்போது உருட்டி விளையாடிய ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கியது. அதை முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து, முடிச்சின் மேல் வரும்படி சாய்ந்து, மெல்ல மேலும் கீழும் நகர வேண்டும். முதலில் உயிர் போகும். அப்படியே நூறு எண்ணுகிறவரை அழுத்தி நின்றால் ஏதோ ஒன்று உள்ளே இளகும், சுண்டுவிரலில் சூடு இறங்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக நாள் முழுக்கக் காத்திருப்பேன். என் அறைச் சுவரில் அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து செம்மண் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பெண் பந்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒழுங்காக வாய்ப்பாடு சொன்னால் தருகிறேன் என்றேன். அவள் சொல்லிவிடக் கூடாதே என்று பதினாறாம் வாய்ப்பாட்டைக் கொடுத்தேன்.

பிறகு எண்ணெய். நல்லெண்ணெயில் எருக்கிலைச் சாறும் பூண்டும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, இறக்கிய பிறகு கற்பூரம் கலந்து, ஒரு பழைய சர்பத் சீசாவில் ஊற்றி என் அறை மாடத்தில் வைத்திருந்தேன். வீடே கற்பூர வாசனை அடித்தது. இந்த எண்ணெயில்தான் வினை வந்தது.

ஒருநாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "டீச்சர், போர்டுல உங்க எழுத்து வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குது. மானேஜரும் பார்த்துட்டார். பொங்கல் கழிஞ்சு இன்ஸ்பெக்டரம்மா வருவாங்க. அவங்க ஏதாவது எழுதிட்டுப் போயிட்டா, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். கை வலியைப் பற்றி ஆயாவைத் தவிரப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் நான் மூச்சுவிட்டதில்லை. ஆனால் அவர் பேசும்போது பலகையைப் பற்றிப் பேசிக்கொண்டே என் தோளைப் பார்த்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால், கரும்பலகைக்குக் கீழே ஒரு கள்ளிப்பெட்டி கவிழ்த்துப் போட்டிருக்கிறது. மேலே கால் வழுக்காமலிருக்க ஒரு கோணியை இழுத்து ஆணி அடித்திருந்தது. ஆயாவைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா? காலைல பெருக்க வந்தேன், கீது. ஏறி நின்னு எழுதிக்கோயேன். உன்னை இன்னா கடிக்கவா போவுது?"

கடிக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? இவளுக்குக் கை எட்டவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காகப் பெரிய டீச்சர் போட்டு வைத்த சாட்சியா? நான் ஏறினதும் கவிழ வேண்டும் என்று யாராவது போட்டதா? காலால் உதைத்துப் பார்த்தேன், நாலு மூலையும் அழுத்திப் பார்த்தேன். இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஏறினேன். கை தோளுக்கு மேலே போக வேண்டிய தேவையே இல்லை. வலி பாதியாகக் குறைந்தது, சந்தேகம் இரண்டு பங்கானது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் கொல்லை வழியாக வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் அண்ணியும் ஆயாவும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "சும்மா, எல குடுக்க வந்தேம்மா" என்று ஆயா நழுவினாள். இலை வருகிற நாள் வியாழன். அன்று செவ்வாய். அவள் கையில் ஓர் இலை கூட இல்லை.

மறுநாள் தண்ணீர் சேந்தப் போனபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டு அம்மாளிடம் அண்ணி பேசுவது தெளிவாகக் கேட்டது. "கை இப்படியே இருந்தா அவ வேலை போயிடும்க்கா. போனா வீட்டோட இருக்கட்டும். எனக்கும் ஒரு ஒத்தாசை ஆச்சு. மூணு வேளையும் நான் ஒருத்தியே பொங்கிக் கொட்டிக்கினு கெடக்கறேன்." குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது எல்லாம் கணக்காகப் பொருந்தியது. அண்ணி ஆயாவிடம் சொல்கிறாள், ஆயா பெரிய டீச்சரிடம் சொல்கிறாள். இதையே யோசித்துக்கொண்டு அன்று எண்ணெய் சீசாவை எடுத்தால், அது கனம் குறைந்திருந்தது. கரித்துண்டால் சீசாவின் மேல் கோடு போட்டு வைத்தேன். மூன்று நாளில் எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. நான் அந்த மூன்று நாளும் சீசாவைத் தொடவே இல்லை. என் கை தேறிவிடக் கூடாது என்று அண்ணி எண்ணெயைத் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறாள், சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லை என்று நான் சொன்னால், அதற்குமேல் எனக்குச் சந்தேகம் வராது என்று அர்த்தம்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் ரத்தச் சிவப்பாகும் என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எண்ணெயில் மஞ்சளைக் கலந்துவிட்டால் போதும். எருக்கிலைச் சாற்றின் கரும்பச்சையில் அது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயை யாராவது பூசிக்கொண்டால் துவைக்கும்போது துணி சிவக்கும். சாக்கடையில் கொட்டினால் சவுக்காரத் தண்ணீர் போகிற வழி சிவக்கும். எந்தப் பக்கம் ஓடினாலும் அகப்பட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி கோயிலுக்குப் போயிருந்தபோது அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். காலைப் பள்ளிக்கூடம் என்பதால் எனக்கும் அந்த அறைக்கும் சம்பந்தம் குறைவு. உப்பு வறுப்பதற்குக்கூடக் கொல்லையில் எனக்குத் தனி அடுப்பு. பொடி டப்பாக்கள் எல்லாம் சுவரோரமாகத் தரையில் வரிசையாக இருந்தன. மிளகாய்த் தூள் டப்பாவில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. இவள் வீட்டு நிர்வாகம் இவ்வளவுதான் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு மஞ்சள் டப்பாவைத் திறந்தேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் நான் மஞ்சளைத் தொட்டதில்லை. எங்களைப் போன்றவர்கள் தொடக் கூடாது. விரலில் ஒட்டிய அந்த மஞ்சளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எதற்கு வந்தேன் என்பதே மறந்து போயிற்று. அழுகை வந்தது. பிறகு ஆத்திரம் அழுகையை விரட்டியது. எனக்கென்று கொஞ்சம் நல்ல எண்ணெயைத் தனியாக ஊற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தில் மஞ்சளைக் கலக்கிக் குலுக்கினேன். எவ்வளவு தேய்த்தும் நகக் கண்ணில் மஞ்சள் போகவில்லை. மறுநாள் முழுக்கச் சாக்பீஸ் தூளைப் பூசி மறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏதோ லீவு. எண்ணெய் இன்னொரு விரற்கடை இறங்கியிருந்தது. அண்ணி துவைக்க உட்கார்ந்தாள். நான் வாளியைத் துலக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். அவள் புடவைக்குச் சவுக்காரம் போட்டாள், புடவை புடவையாகவே இருந்தது. சாக்கடையைப் பார்த்தேன், வெறும் நுரை. பிறகு அண்ணனுடைய பனியனை எடுத்துத் தேய்த்தாள். இடுப்பு வருகிற இடத்தில் சிவப்பு பூத்தது. தேய்க்கத் தேய்க்கப் பரவி, கடைசியில் ஓர் உள்ளங்கையும் ஐந்து விரலும் அப்படியே தெரிந்தன.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. வலியே கிடையாது என்று எனக்கு உபதேசம் பண்ணின மனுஷன், நான் காய்ச்சிய எண்ணெயைத் திருடித் தன் இடுப்பில் பூசிக்கொண்டு, கை துடைத்த தடத்தைப் பனியனில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பனியனைக் கல்லின் மேல் விரித்துப் போட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணெயில் மஞ்சள் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது, ஒரு பெண்ணின் மஞ்சள் பூசிய கை தன் புருஷன் இடுப்பைப் பிடித்த தடம்.

அன்று சாயங்காலம் அண்ணன் கால் கழுவி உள்ளே வந்ததும் அண்ணி அதை அவர் முன்னால் போட்டாள். சத்தம் போடவில்லை. "இது யாரு கை?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணன் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "டிராம்ல எங்கயாவது ஒட்டியிருக்கும்" என்றார்.

"பனியன் மேல சட்டை, சட்டை மேல கோட்டு. அதையெல்லாம் தாண்டி எந்த டிராம் வந்து ஒட்டும்?"

அவர் எண்ணெயைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தை அண்ணி ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தாயே, கொஞ்சம் அனுபவி என்று உள்ளே ஒரு குரல். அண்ணி சாப்பிடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் என் அறையில் பந்தை வைத்துச் சுவரில் சாய்ந்தால் முடிச்சு இளகவே மாட்டேன் என்றது. அந்த இரண்டு நாளும் வலி கழுத்தை விட்டுத் தலைக்கே ஏறிவிட்டது.

சனிக்கிழமை காலை அவள் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்துப் புடவைகளை அடுக்கினாள். சைதாப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். "திரும்பி எப்போ?" என்று கேட்டேன். "குழந்தை இல்லாதவ திரும்பி வந்தா என்ன, வராட்டி என்ன? அவரு வேற ஒருத்தியைக் கூட்டிக்கினு வரட்டும்" என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. அவளுக்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். அண்ணி போய்விட்டால் அண்ணனுக்கு யார் சமைப்பார்கள்? நான்தான். எந்த அடுப்பங்கரைக்குப் பயந்து பொறி வைத்தேனோ, அந்தப் பொறியே என்னை அங்கே தள்ளப் பார்த்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துது குடையுது என்ற கதை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வருகிறார் வேறு.

"அண்ணி, அது மஞ்சள்தான். ஆனா நான் போட்டது" என்றேன்.

அவள் கையில் புடவையோடு நிமிர்ந்தாள். எண்ணெய், சீசாவில் போட்ட கோடு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"யாரைப் பிடிக்க?" என்றாள்.

"உங்களை" என்றேன்.

அவள் என் வலது கையைப் பிடித்து நகக் கண்ணைப் பார்த்தாள். தாலி அறுத்தவள் மஞ்சளைத் தொடலாமா என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். "டப்பா மூடி சரியா மூடல. நான் எலின்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "உன் எண்ணெயை நான் எதுக்குக் கொட்டணும்?" என்று கேட்டாள்.

"நீங்க அடுத்த வீட்டு அம்மாகிட்ட சொன்னீங்க. நான் கேட்டேன்."

"ஆமா, சொன்னேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். பன்னெண்டு வருஷமா ஒண்டியா பொங்கறேன், கூட ஒரு கை இருந்தா நல்லாருக்கும்னு எனக்குத் தோணாதா? அதுக்காக உன் கையை முறிப்பேனா?"

வெட்கமாக இருந்தது. அவள் எழுந்து போய்க் கொடியிலிருந்து அந்தப் பனியனை எடுத்து வந்து மடியில் விரித்தாள். சிவப்புத் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். தடம் பெரியது. "வெரலெல்லாம் கீழே பார்த்துக்கினு இருக்கு பாரு. கட்டிப் பிடிக்கிறவ கை இப்படி வராது. இதை நான் அன்னிக்கே பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். அண்ணன் வந்ததும் பனியனை நீட்டி, "இங்க கையை வெய்ங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வைத்தார். அச்சாகப் பொருந்தியது. பெரிய மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாதமாக இடுப்பு வலியாம். ஆபீசில் வயசான குமாஸ்தாக்களை டாக்டரிடம் அனுப்பிச் சர்டிபிகேட் வாங்குகிறார்களாம். உட்கார்ந்து எழுத முடியாதவன் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எழுந்து நில்லு, போயிடும் என்ற வைத்தியத்தை அவர் தனக்கும் செய்து பார்த்திருக்கிறார். போகாததால்தான் என் சீசாவுக்கு வந்திருக்கிறார்.

"அதுக்கு, உங்களுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு நான் நெனச்சா பரவாயில்லையா?" என்றாள் அண்ணி.

அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார். "அது நீ ஒருத்திதானே நெனப்பே. வலி வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்."

அவர் மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் செய்துகொண்டிருந்ததும் அதுவேதான். அண்ணி மட்டும் விடவில்லை. "குப்புறப் படுங்க" என்றாள். எண்ணெயை ஊற்றி, முழங்கையை அவர் இடுப்பில் ஊன்றி, மாவு பிசைகிற பலத்தோடு அழுத்தினாள். அந்த இரண்டு நாள் கண்ணீருக்கும் வட்டியோடு அழுத்தினாள் என்றுதான் எனக்குப் பட்டது. அண்ணன் போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டு அம்மாள் மதில் மேல் தலையை நீட்டினாள். பிறகு அண்ணி என்னைத் திரும்பச் சொன்னாள். நான் கண்ணால் பார்த்தேயிராத அந்த இடத்தை அவள் முழங்கை தேடாமலே கண்டுபிடித்தது. "இங்கதானே? கரும்பலகையில எழுதற கைக்கு இங்கதான் பிடிக்கும். எனக்கும் அம்மி அரைச்சா இங்கதான்" என்றாள். அவளுக்கும் வலிக்கும் என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரம்மா என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய டீச்சர் வாசலில் நின்றார். நான் பெட்டியின் மேல் ஏறி எட்டு வரி எழுதினேன். எட்டும் நேராக நின்றன. "இந்தப் பெட்டி எதுக்கு?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். "கடைசி பெஞ்சுப் பிள்ளைங்களுக்கும் முதல் வரி மறைக்காம தெரியணும்னுங்க" என்றேன். அவர் தலையை அசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் பெரிய டீச்சர் வந்து, கரும்பலகை எழுத்து திருத்தமாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டரம்மா எழுதியிருக்கிறார், மற்ற வகுப்புகளுக்கும் இப்படி ஒரு பெட்டி போடச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னார். வேலை தப்பியது. நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்தபோது புடவை ஆணியில் மாட்டிக்கொண்டு, இழுத்த இழுப்பில் கோணி ஒரு பக்கம் கிழிந்து வந்துவிட்டது. அடியில் பலகை தெரிந்தது. பலகையில் மூன்று பெரிய வட்டம், இரண்டு சின்ன வட்டம், டப்பா வைத்து வைத்துப் பதிந்தவை. குனிந்து மோந்து பார்த்தேன். மிளகாய்த் தூள், மல்லி, பெருங்காயம். ஒரு வட்டத்தின் ஓரத்தில் மஞ்சள்.

ஆயாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் மழுப்பவில்லை. "உங்க அண்ணிதாம்மா. டப்பாவெல்லாம் கீழ எறக்கி வெச்சுட்டு என் தலைல தூக்கி வெச்சுது. எட்டுதா, கை நோவுதான்னு அப்பப்ப கூப்புட்டு வெச்சுக் கேட்டுக்கினே இருந்துச்சு. நான் அனுப்புனேன்னு சொல்லாதே, சொன்னா அவ ஏறமாட்டா, இதுல என்ன சூதுன்னு பார்ப்பான்னுச்சு. நான் வாயே தொறக்கல."

எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கினதைக் கண்டுபிடித்தவள் நான். கண்ணெதிரே தரையில் கிடந்த டப்பாக்களைப் பார்த்து, இவள் நிர்வாகம் இவ்வளவுதான் என்று நினைத்தவளும் நான்தான். யாருமில்லாத வகுப்பில் நின்று அழுதேன்.

வீட்டுக்குப் போய் நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். அண்ணி முதுகைக் காட்டி அரைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணி, டப்பாவெல்லாம் எறும்பு ஏறுது. அந்தப் பொட்டியைத் திருப்பிக் கொண்டாந்துடட்டுமா?" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "ஏறட்டும் விடு. அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்டரம்மா வருவாங்க இல்ல" என்றாள்.